மாப்பிள்ளை வீட்டு வேன்

ஆகஸ்ட் 17, பாளையங்கோட்டை

நாளை விடியற்காலையில் கிளம்புகிறோம். வண்டி வாசலில் நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். எதிர்வீட்டு மருமகள் “எந்த நடிகர் வந்திருக்காருங்க?” என்று செண்பகத்திடம் கேட்டாளாம். படப்பிடிப்புக் கேரவன் என்று நினைத்துவிட்டாள்.

பழைய டிராவலர் வேன். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் கொடுத்து, நானே வரைபடம் போட்டு, நானே பக்கத்தில் நின்று கட்டிய வண்டி. நெடுஞ்சாலைத் துறையில் உதவிக் கோட்டப் பொறியாளராக ஓய்வு பெற்றவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, இரண்டு மின்விசிறி, செண்பகம் தைத்த பூப்போட்ட திரைச்சீலைகள். பின்மூலையில் என் எழுத்து மேசை, அதற்கு மேல் ஒரு விளக்கு. பட்டறைக்காரர் அந்த மூலையில் ஒரு சின்னக் கக்கூஸ் வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். படுக்கிற இடத்தில் கக்கூஸா என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டேன். செண்பகத்திடமும் கேட்டேன். “நீங்க சொன்னா சரி” என்றாள்.

ஒரு மாதப் பயணம். சுற்றுப்பயணம் போகிறவர்கள் எழுதுகிற கோயில் கோபுரக் கதைகளை நான் எழுதப்போவதில்லை. எங்கள் ஓய்வு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வேன் வாங்க ஆசைப்படுகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். இரவில் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் எல்லாருக்கும் உள்ள கேள்வி. அதற்கு ஒரு வழிகாட்டி எழுதப்போகிறேன். தரை மட்டமாக இருக்கவேண்டும் (ரசமட்டம் கையோடு எடுத்துவைத்திருக்கிறேன்), வெளிச்சம் வேண்டும், லாரி இரைச்சல் கூடாது, நாய்கள் கூடாது. அன்றன்றைக்கு எழுதியதைச் செண்பகத்துக்குப் படித்துக் காட்டுவேன். அவள் “ம்” போடுவாள். கல்யாணமானதிலிருந்து என் டைரிக்கு அவள் ஒருத்திதான் வாசகி.

ஆகஸ்ட் 18, சாத்தூர் அருகே

கழுகுமலை பார்த்தோம். இரவு ஒரு பெட்ரோல் பங்க் ஓரம். தரை நல்ல மட்டம், ரசமட்டத்தின் குமிழ் நடுவிலேயே நின்றது. ஆனால் லாரிகள் வந்து போய்க்கொண்டே இருந்தன. கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று கேட்டதற்கு, முதலாளி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்றார் பணியாள். பதவியில் இருந்தபோது நான் ஒரு பயணியர் மாளிகைக்கு வருகிறேன் என்றால் காவலாளி வாளியோடு வாசலில் நிற்பான். இன்று ஒரு சாவிக்கு வழியில்லை.

வழிகாட்டிக்கு: பெட்ரோல் பங்க் பரவாயில்லை.

ஆகஸ்ட் 19, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம்

ஒரு கோயில் மைதானம். மரநிழல், அமைதி. கட்டணக் கழிப்பறை இருந்தது, இருட்டியதும் இழுத்துப் பூட்டிவிட்டார்கள். செண்பகத்துக்கு ஒரு சிறு சங்கடம். கருவேல மரங்களுக்கு அந்தப்பக்கம் அவள் போக, நான் டார்ச்சை அணைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். ரோட்டில் ஒரு பைக் போனது, வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றியது. இதெல்லாம் எழுதவேண்டிய விஷயமில்லை. படித்துக் காட்டும்போது இந்த வரிகளை விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 20, திண்டுக்கல் அருகே

இன்று ஒரு கண்டுபிடிப்பு.

சாயங்காலம் நல்ல மழை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். ரோட்டோரம் ஒரு கல்யாண மண்டபம், வாசலில் வாழைமரம், சீரியல் விளக்கு. நிறுத்தி வழி கேட்கலாம் என்று வேகத்தைக் குறைத்தேன். குடை பிடித்த காவலாளி ஓடிவந்து, “மாப்பிள்ளை வீடா? உள்ள வாங்க, அந்த வேப்பமரத்து ஓரமாப் போடுங்க” என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், அவ்வளவுதான்.

என்ன இடம் தெரியுமா? சிமெண்டுத் தரை, வெளிச்சம், காவல், கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பெண்களுக்குத் தனியாக ஒரு வரிசைக் குளியலறை. செண்பகம் தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது முகமே வேறாக இருந்தது. சாப்பிட மட்டும் வரமாட்டேன் என்றாள். “யாரு எவருன்னு தெரியாத வீட்டுல கை நனைக்க மாட்டேன். பாத்ரூம் போனதே எனக்கு ஒரு மாதிரி இருக்கு” என்றாள். வேனிலேயே தயிர்சாதம் சாப்பிட்டாள். நான் பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலைக்காரர் என்னைப் பார்த்துத் திரும்பியதும், “நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?” என்று நான் முந்திக்கொண்டேன். அவர் தன் உறவுமுறையை விளக்கி முடிப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 21

மண்டப யோசனையைக் குழுவில் போட்டேன். பெண் வீட்டார் நம்மை மாப்பிள்ளை வீடு என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைப்பார்கள், இருவருமே நம்மைக் கேட்கமாட்டார்கள். தினசரி நாட்காட்டியில் முகூர்த்த நாள் பார்த்து, அதற்கு முந்தின சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் போதும். எனக்கு மேலதிகாரியாக இருந்த கோமதிநாயகம் சாரே கைதட்டும் பொம்மை மூன்று போட்டிருந்தார். அடுத்த மாதம் அவரும் மனைவியும் இதே மாதிரி கிளம்புகிறார்களாம்.

செண்பகம் “இது தப்புங்க” என்றாள். யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். அவள் பாத்திரம் கழுவத் திரும்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 23, மணப்பாறை

நாட்காட்டியில் முகூர்த்தம் இல்லை. ஏரிக்கரையில் நிறுத்தினோம். தரை கொஞ்சம் சரிவு, சக்கரத்துக்குக் கீழே பலகை வைத்துச் சரிசெய்தேன்.

“எங்கயாவது ஒரு ரூம் போடுவோமா?” என்றாள் செண்பகம். ரூம் போடவா வண்டி கட்டினேன் என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. நான் மூன்று பாட்டில் குடிக்கிறேன். பயணத்தில் தாகமே எடுக்காத உடம்பு அவளுக்கு, கொடுத்துவைத்தவள்.

ஆகஸ்ட் 25, குளித்தலை

செண்பகம் இன்று அதிகம் பேசவில்லை. வெயில்.

ஆகஸ்ட் 27, தொட்டியம் அருகே

நாளை முகூர்த்தம். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே பெரிய மண்டபம். பெண் பெயர் சிந்துஜா என்று பேனரில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அருப்புக்கோட்டை. நம் தென்பக்கத்துப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. உள்ளே கடைசிவரை போய், மண்டபப் படிக்கட்டுக்குப் பக்கவாட்டில் புங்கமரத்தடியில் போட்டேன். குமிழ் நடுவில் நின்றது. காலை வெயில் ஜன்னலில் அடிக்காது.

செண்பகத்துக்குக் குளிர் நடுக்கம், கொஞ்சம் காய்ச்சல். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒதுக்கிய பக்கத்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பெண்ணின் அப்பாவிடம் வெந்நீர் கேட்டேன். உடனே ஏற்பாடு செய்தார். பெரியண்ணன் என்று பெயர், வாழை விவசாயி, நல்ல மாதிரி. செண்பகத்துக்குப் படுக்க ஓர் அறையே கொடுத்துவிட்டார்கள். நான் வேனில் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். படித்துக் காட்ட ஆளில்லை.

ஆகஸ்ட் 28, முசிறி

லாட்ஜில் இருக்கிறோம். செண்பகம் பிடிவாதமாகக் கேட்டாள், ரூம் போட்டேன். வண்டி வாசலில் நிற்கிறது.

காலையில் மண்டபத்தில் ஒரு சிறு குழப்பம். நேற்றைய வெந்நீர் விஷயத்தில் இரண்டு வீட்டாருக்கும் பேச்சு வந்துவிட்டது. நாங்கள் விளக்கிச் சொன்னதும் தீர்ந்தது. முகூர்த்த நேரம் தவறாமல் தாலி கட்டினார்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

படித்துக் காட்டினேன். செண்பகம் “ம்” போடவில்லை. “யாரு நாங்க?” என்று மட்டும் கேட்டாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 29, முசிறி

காலையில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். நீர்க்கடுப்பு, கிருமித் தொற்று, காய்ச்சல் அதனால்தான். சர்க்கரை இருக்கிறவர்கள் இப்படி விடலாமா என்று டாக்டர் சத்தம் போட்டார்.

“தண்ணி குடிக்கிறதே இல்லையாம்மா?”

“குடிச்சா போகணும்லா டாக்டர்” என்றாள் செண்பகம்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தேன். திரும்பி வரும் வழியில், தாகமே எடுக்காத உடம்பு என்று எழுதியது ஞாபகம் வந்தது. அந்த வரியையும் நான் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதற்கு “ம்” போட்டாள்.

நேற்று எழுதியது சரியில்லை. முந்தாநாள் எழுதியதும் சரியில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு அவள் தூங்குகிறாள், லாட்ஜ் பால்கனியில் நாற்காலி போட்டு எழுதுகிறேன்.

வெந்நீர் கேட்டேன் என்று எழுதியிருக்கிறேன். நான் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வராததைப் பார்த்ததும் என் பழைய குரல் வந்துவிட்டது. நடையில் நின்று, “இங்க யாரு பொறுப்பு?” என்று கத்தினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். அவர்தான் பெண்ணின் அப்பா என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். தெரிந்த பிறகும் நான் குரலைக் குறைக்கவில்லை. “எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கோம், சுடுதண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு, எங்களை இப்படித்தான் கவனிப்பீங்களா?” என்றேன். அப்படியே இந்த வார்த்தைகள்தான். எவ்வளவு நேரமும் ஆகவில்லை, அப்போதுதான் முதல்தடவை கேட்கிறேன்.

பெரியண்ணன் கைகூப்பினார். “தப்பா நெனச்சுக்காதீங்க. மோட்டார் திடீர்னு நின்னு போச்சு. இந்தா ஆளனுப்பியிருக்கேன். பெரியவங்க மனசுல வச்சுக்காதீங்க” என்றார். தன் தங்கை படுத்திருந்த அறையைக் காலி செய்ய வைத்துச் செண்பகத்துக்குக் கொடுத்தார். அந்த அம்மாள் கைக்குழந்தையோடு பாயைச் சுருட்டிக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லவேண்டும். அவர் கைகூப்பி நின்றபோது எனக்கு நன்றாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் என் முன்னால் அப்படி நின்று எத்தனையோ நாளாகிவிட்டது.

நேற்றுக் காலை நடந்தது இதன் மிச்சம். நான் வேனில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் பேச்சுக்குரல் கேட்டது, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரியண்ணன் ராத்திரி முழுக்க மனசு கேட்காமல் இருந்திருக்கிறார் போல. மாப்பிள்ளையின் அப்பாவைத் தேடிவந்து, “உங்க ஆளுங்கள நேத்து சரியா கவனிக்காம விட்டுட்டேன் சம்பந்தி, மன்னிச்சிருங்க” என்று காலைத் தொடக் குனிந்தார். மாப்பிள்ளையின் அப்பா தனுஷ்கோடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பதறிப்போய்ப் பிடித்து நிறுத்தினார். அதோடு முடிந்திருக்கும். மாப்பிள்ளையின் தாய்மாமன் விடவில்லை.

“எங்க ஆளுக யாரு உங்ககிட்ட வந்து சத்தம் போட்டது? நாங்க வந்ததுல இருந்து ஒரு வார்த்த கேக்கல. நாளைக்கு ஊர்ல, மாப்பிள்ள வீட்டுக்காரன் சுடுதண்ணிக்கு சண்ட போட்டான்னு பேச்சு வரணும்னு சொல்லுதீகளா? ஆளக் காட்டுங்க. காட்டிட்டு மேடைக்குப் போவோம்.”

பெரியண்ணன் பொய் சொல்கிறார் என்று ஆகிவிட்டது. உள்ளே மணவறையில் ஐயர் பெண்ணை அழைத்துவரச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே பெண்ணின் அப்பா, வந்திருந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு என்னைத் தேடினார்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 30, முசிறி

காய்ச்சல் விட்டுவிட்டது. செண்பகம் இட்லி சாப்பிட்டாள். நேற்று எழுதியதைப் படித்துக் காட்டினேன். முடிந்ததும், “மிச்சத்தையும் எழுதுங்க” என்றாள்.

பெரியண்ணனின் கண் வேன் பக்கம் திரும்பியபோது நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். செண்பகம் தைத்த பூப்போட்ட திரை. செண்பகத்துக்குப் போன் செய்தேன். “பின்வழியா வந்துரு, போயிருவோம்” என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் ஒரு வெள்ளைக் கார் ஒட்டி நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் ஒரு வேன், வாசல் கேட் வரைக்கும். நிழல் வேண்டும், மட்டம் வேண்டும் என்று எல்லாருக்கும் முன்னால் வந்து உள்ளே கடைசியில் போட்டவன் நான்.

கார் நிற்காமல் இருந்திருந்தால்? காய்ச்சலில் கிடந்த மனைவியை விட்டுவிட்டு ரோட்டுக்குப் போயிருப்பேனா? கேட்டைத் தாண்டி ஓரமாக நிறுத்திக் காத்திருந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தெரியவில்லை.

எஞ்சினை அணைத்தபோதுதான் அவள் குரல் கேட்டது. திரையை விலக்கினேன். முந்தின இரவு உடுத்திய கசங்கிய சேலை, வாராத தலை, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நின்றாள். பட்டுச் சேலைகளுக்கு நடுவில்.

“அவுக பொய் சொல்லல. சத்தம் போட்டது என் வீட்டுக்காரர். நாங்க உங்க ரெண்டு வீட்டுக்கும் ஒறவு இல்ல. ரோட்டுல போறவங்க. வண்டியில கக்கூஸ் இல்ல. எனக்கு ஒதுங்க எடம் வேணும்னு உள்ள வந்தோம். மாப்பிள்ள வீடான்னு கேட்டாங்க, இல்லன்னு சொல்லல. தப்பு எங்க மேலதான். இவுகளை விட்டுருங்க.”

பத்து நாளாக என்னிடம் சொல்லக் கூசிய விஷயத்தை அத்தனை பேர் முன்னால் சொன்னாள். நான் இங்கே எழுதும்போதுகூட ‘சிறு சங்கடம்’ என்று மூடி எழுதினேன்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. “ஓசிச் சாப்பாட்டுக்கு வேன் கட்டிக்கிட்டு வந்திருக்காங்கப்பா” என்று ஒரு குரல். தாய்மாமனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தனுஷ்கோடி, “விடுங்கப்பா, நேரமாவுது, உள்ள வாங்க” என்று பெரியண்ணனின் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனார். பெண்ணின் அம்மா ஓடிவந்து செண்பகத்தை உள்ளே கூட்டிப்போனார். கெட்டிமேளம் கேட்டபோது நான் இருக்கையில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சாப்பிடப் போகிறவர்கள் வேனைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண் குழந்தைக்குக் காட்டினாள். வெட்கத்தில் உடம்பு கூசும் என்பார்கள், எனக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது.

அப்புறம் யாரோ கதவைத் தட்டினார்கள். பெரியண்ணன். நெற்றியில் சந்தனம் கலைந்திருந்தது. இப்போது கைகூப்பவில்லை.

“எறங்குங்க.”

“நாங்க கெளம்பிருதோம். பின்னால கார் நிக்குது, யாருதுன்னு தெரியல.”

“அது எங்க சித்தப்பா காரு. அவரு கடைசிப் பந்தியிலதான் சாப்பிடுவாரு, அதுவரைக்கும் நகராது. எறங்குங்க.”

இறங்கினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

“உங்களால நான் இன்னிக்குக் கால்ல விழப் போனேன். அது போகட்டும். பொண்ணப் பெத்தவன் விழுறதுதான்னு நெனச்சுக்கறேன். எங்க வீட்டு ஜனங்க முன்னாடி பொய் சொன்னவனா நின்னேனே, அதுக்கு என்ன சொல்றீங்க?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“மாப்பிள்ளை வீடுன்னு சொல்லித்தான உள்ள வந்தீங்க? இப்ப பொண்ணு வீடு. பரிமாற ஆளு பத்தல, வாங்க.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அதை இடுப்பில் கட்டிக்கொண்டேன். சமையல்கட்டில் ஒரு பெரிய அலுமினியக் கெண்டியில் சுடுதண்ணீரை ஊற்றிக் கையில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் பந்தி. குனிந்து குனிந்து ஒவ்வொரு டம்ளராக ஊற்றிக்கொண்டு போனேன். வரிசை நீளமாக இருந்தது, இடுப்பு வலித்தது, கெண்டியின் பிடி கையைச் சுட்டது. கோடியில் உட்கார்ந்திருந்த ஒருவர், என் வயதுதான் இருக்கும், கழுத்தில் புதுத் துண்டு, என்னைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். அவருக்கு நான் யாரென்று தெரியாது.

“ஏங்க, சுடுதண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு. எங்களை இப்படித்தான் கவனிப்பீங்களா?”

பெரியண்ணன் அடுத்த வரிசையில் அப்பளம் வைத்துக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது. அவருக்குக் கேட்டுவிட்டது.

“தப்பா நினைச்சுக்காதீங்க” என்றேன். “இந்தா கொண்டுவந்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

டம்ளரை நிரப்பினேன். கெண்டி கனத்ததில் கொஞ்சம் இலையில் சிந்தியது. அந்த ஆள் முகத்தைச் சுளித்தார். பெரியண்ணன் மறுபடியும் அப்பளம் வைக்கத் தொடங்கினார். கடைசிப் பந்தி வரை நான் ஊற்றினேன். பிறகு என்னையும் உட்காரவைத்து இலை போட்டார்கள். இதைத்தான் ‘சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்’ என்று எழுதினேன்.

சித்தப்பாவின் கார் நகர்ந்ததும் மண்டபக் காவலாளிதான் கைகாட்டி வண்டியை வெளியே விட்டார். பெரியண்ணன் வழியனுப்ப வரவில்லை. வருவார் என்று நினைத்துக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினேன். துண்டு என்னிடமே தங்கிவிட்டது.

எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். திரைச்சீலையை இழுத்த இடத்திலும், சாவியைத் திருப்பிய இடத்திலும் நிறுத்திவிட்டேன், அவள் காத்திருந்தாள். முடித்ததும் “ம்” என்றாள்.

செப்டம்பர் 3, கரூர்

பட்டறையில் வண்டியை விட்டு இரண்டு நாளாகிறது. மேசையைக் கழற்றிவிட்டார்கள். அந்த மூலையில் கக்கூஸ் வருகிறது. பட்டறைக்காரர் “அன்னிக்கே சொன்னேன்” என்று சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம். “எழுதறதுக்கு என்ன சார் பண்ணுவீங்க?” என்று கேட்டார். மடியில் வைத்து எழுதிக்கொள்வேன் என்றேன். இப்போது அப்படித்தான் எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது.

கோமதிநாயகம் சார் குழுவில் கேட்டிருந்தார்: முகூர்த்த நாட்களைக் குறித்துவைத்துவிட்டேன், மண்டபத்தில் என்ன சொல்லி நுழையவேண்டும்? பாதுகாப்புச் சரியில்லை, மண்டபம் வேண்டாம் என்று முதலில் அடித்தேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டு வேறு எழுதினேன். “மண்டபத்தில் நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தி, ஒரு பெண்ணின் அப்பாவை அவர் வீட்டுக் கல்யாணத்திலேயே தலைகுனிய வைத்துவிட்டேன். வண்டியில் முதலில் கக்கூஸ் கட்டுங்கள். மேடத்திடம் கேட்டுக் கட்டுங்கள்.” அனுப்பிவிட்டேன். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள் என்று நீலக்குறி காட்டுகிறது. இதுவரை யாரும் பதில் போடவில்லை.

முசிறியிலிருந்து கரூர் வரும் வழியில் ஓர் ஊரில் செண்பகத்துக்குப் போகவேண்டியிருந்தது. அவளே சொன்னாள். வண்டியை ஓரம் நிறுத்தி, கோலம் போட்டிருந்த ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். வந்த அம்மாளிடம், “வழியில போறவங்கம்மா. என் வீட்டுக்காரிக்குப் பாத்ரூம் போகணும், விடுவீங்களா?” என்று கேட்டேன். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு அறுபத்து மூன்று வயதாகியிருக்கிறது. அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “கூட்டிட்டு வாங்க. நீங்க வெளியவே நில்லுங்க” என்றாள். வெளியே நின்றேன்.

கிளம்பும்போது வழக்கம்போலப் பாட்டிலை நிரப்பிச் செண்பகத்திடம் கொடுத்தேன். அடுத்த நிறுத்தம் எங்கே என்று அவள் கேட்கவில்லை. கரூர் வந்து சேர்வதற்குள் முழுப் பாட்டிலையும் குடித்துவிட்டாள்.